அந்தச் சாட்சியை நீ சொல்லாதே

சாமு,

உன் கார்டு நேற்று வந்தது. நீ போதகராகிற குருப்பட்டத்துக்கு ஊரிலிருந்து யார் யார் வருகிறார்கள், பெங்களூரிலிருந்து வரும் உன் நண்பர்களுக்குச் சிட்லபாக்கத்தில் யார் வீட்டில் படுக்க இடம் கிடைக்கும், அப்பா புதுச் செருப்பு வாங்கினாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி ஒரு வரி எழுதியிருந்தாய். அன்று சாயங்காலக் கூட்டத்தில் என் விசுவாச வாழ்க்கையைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், அக்காம்மா கதையைத்தான் சொல்லப்போகிறேன், அவர்கள் எத்தனை மணிக்குப் போனார்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள் என்று. அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்து நாறுகிற வரைக்கும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதையாம், கதை! பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். நீ பெங்களூரில் இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

வகுப்பில் நின்று பேசியே காலம் தள்ளியவள் நான், சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பொறுமையாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு ஜெபிக்க ஓடாதே, முடித்துவிட்டு ஓடு. இதை உன் அறை நண்பர்களிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஊழியத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கேயாவது ஓர் அக்காம்மா இருக்கத்தான் செய்வாள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீ பிறந்தபோது நாம் இதே வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம். ஏரிக்கரை வரைக்கும் விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவுதான் வீடுகள். வேலிக்கு அந்தப் பக்கம் அலமேலு அக்காவும் தேவராஜ் அண்ணனும். அண்ணனுக்குத் தாம்பரத்தில் ரயில்வே ஷெட்டில் வேலை. உன்னைப் பெற்ற மூன்றாம் நாள் எனக்குப் பிரசவ ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன், பிழைப்பேன் என்று யாரும் நினைக்கவில்லை. உன்னை வீட்டுக்குத் தூக்கி வந்த அப்பா டப்பாப் பால் கரைத்துக் கொடுத்தார், அது உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போயிருந்தது. பால் கட்டி வலியில் முனகிக்கொண்டிருந்தவள் உன் அழுகையைக் கேட்டு வேலியைத் தாண்டி வந்தாளாம். அப்பா கையிலிருந்து உன்னை வாங்கிக்கொண்டு நேரே தன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். கேட்கவும் இல்லையாம். நான் எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தபோது நீ கொழுகொழுவென்று அவள் மடியில் கிடந்தாய். எனக்குப் பால் வற்றிவிட்டிருந்தது. அதற்கப்புறமும் பல மாதம் அவள்தான் உனக்குப் பால் கொடுத்தாள்.

கொடுப்பதற்கு முன்னால் "கோவிந்தா" என்று ஒரு தரம் சொல்லிக்கொள்வாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு உனக்காக ஒரு ஜெபம் செய்வேன். அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். "இன்னாம்மா டீச்சரு, ஒன் சாமியும் என் சாமியும் பேசி வச்சிக்கினாங்க போலக்கீது. ஒரு வூட்ல கொறையுது, ஒரு வூட்ல மிச்சமாவுது. நாம ரெண்டு பேரும் நடுவுல இன்னாத்துக்கு சண்டை போட்டுக்கணும்?" என்பாள். நான் சண்டை எதுவும் போடவில்லை. ஆனால் அந்தப் பெயரும் பாலோடு உனக்குள் போய்விடுமோ என்று பயம் இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

உனக்குப் பல் முளைத்ததும் பல்லாவரம் சந்தையில் ஒரு பித்தளைச் சங்கு வாங்கி வந்து, அதில் பால் புகட்ட ஆரம்பித்தாள். நீ வளர்ந்து டம்ளரில் காப்பி குடிக்கிறவனாக ஆன பிறகும் அந்தச் சங்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். அவளுக்கு அப்புறம் குழந்தை பிறக்கவில்லை. நான் அக்கா அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, நீயாகவே அதோடு ஓர் அம்மாவையும் ஒட்டிக்கொண்டு அக்காம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாய். உலகத்தில் அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டவன் நீ ஒருவன்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

நம் கூடத்தில் இரண்டு வழிப் படம் தொங்குகிறதே, அதன் முன்னால் ஒரு நாள் நீ அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தியது உனக்கு நினைவிருக்காது. உனக்கு ஏழு வயது இருக்கும். ஞாயிறு பள்ளியில் அன்று அந்தப் பாடம் நடந்திருந்தது. ஒரு பக்கம் அகலமான சாலை, கூத்தும் கடைத்தெருவும், முடிவில் நெருப்பு. இன்னொரு பக்கம் ஒற்றையடிப் பாதை, முடிவில் ஒளி வீசும் நகரம். "அக்காம்மா, நீங்க இதுல எங்க இருக்கீங்க?" என்று கேட்டாய். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "கடை கண்ணி எல்லாம் இந்த ரோட்டுலதான கீது. ஜனமும் இங்கதான் கீது. நான் இங்கதான் எங்கனா இருப்பேன்" என்றாள். நீ ஓவென்று அழுதுவிட்டாய். அந்தப் பக்கம் போகாதீங்க, நெருப்புல போட்டுருவாங்க என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தாய். அவள் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அட, இதுக்கா அழுவுற? ஏகாதசிக்கு நாம பரமபதம் ஆடுறோமே, பாம்பு கொத்திச்சுன்னா இன்னா பண்றோம்? கீழ வந்து திரும்ப தாயம் போட்டு ஏர்றோம் இல்ல? ஆட்டத்த வுட்டு யாரையும் வெளிய தள்ற வழக்கம் கிடையாது கண்ணு." நீ விக்கிக்கொண்டே, "எங்க படத்துல ஏணி இல்லையே அக்காம்மா" என்றாய்.

நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் அப்பா ஊர் ஆலயத்தில் உபதேசியார். ஒரு பிறப்பு, ஒரு சாவு, அதன்பின் தீர்ப்பு என்று கேட்டு வளர்ந்தவள் நான். நரகம் உண்டா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. வெயில் உண்டா என்று யாராவது கேட்பார்களா? உனக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன், மனதார நம்பித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அன்று உன் அழுகையைப் பார்த்தபோது, நம்புவது வேறு, நம்முடைய மனுஷியை அந்தப் படத்துக்குள் விரலால் தொட்டுக் காட்டுவது வேறு என்று தெரிந்தது. உனக்கு அது ஏழு வயதிலேயே தெரிந்தது. பெரியவன் ஆனதும் எப்படி மறந்தாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நீ காலேஜ் படிக்கும்போது தாம்பரம் மைதானத்தில் பந்தல் போட்டு எழுப்புதல் கூட்டங்கள் நடந்தன. ஒரு வாரம் போய் வந்தாய். கடைசி நாள் கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வந்து, உன் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாய். அப்பாவுக்கும் எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வெற்றிலை பாக்குக் கடை வாசலில் மச்சான் மச்சான் என்று சுற்றிக்கொண்டிருந்த பிள்ளை வேதத்தைக் கையில் எடுத்தால் எந்தத் தாய்க்குக் கசக்கும்? ஆனால் அந்த மார்கழியில் அக்கா வழக்கம்போல சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தபோது, படைத்ததைச் சாப்பிடமாட்டேன் என்று நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவள் கிண்ணத்தை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் விடிந்ததும் வேறொரு கிண்ணத்தோடு வந்தாள். "சாமிக்கு வைக்கறதுக்கு முன்னாடியே ஒனக்கு எடுத்து வச்சிட்டேன் கண்ணு. இது படைச்சது இல்ல. துண்ணு" என்றாள். மாதம் முழுவதும் அப்படியே செய்தாள். அவள் வழக்கத்தில் அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நீ சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனாய்.

அப்புறம் ஆண்டவரைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகளைக் கொண்டுபோய் அவளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாய். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கொடுத்ததையெல்லாம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை போனபோது பார்த்தேன், அத்தனைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அக்கா, அதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "தம்பி குடுத்துச்சு. கெட்டது எதனா எழுதி குடுக்குமா?" என்று திருப்பிக் கேட்டாள். என்ன எழுதியிருந்தது என்று நான் சொல்லவில்லை.

நீ வேதம் படிக்கப் போன இரண்டாம் வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நீ விடுமுறைக்கு வந்தபோது அவள் படுத்த படுக்கை, கண்ணும் மங்கிவிட்டது, நிழல் மாதிரிதான் ஆள் தெரியும். அப்புறம் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தரம் கேள். சாகப்போகிறவர் வாயில் பெற்ற பிள்ளை பால் ஊற்ற வேண்டும், அப்போதுதான் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பது அவர்கள் வழக்கம். அவளுடைய தம்பி பிள்ளைகள் வந்து ஊற்றினார்கள். எல்லாம் கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. காலையில் தேவராஜ் அண்ணன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். "அம்மா, சாமு தம்பிய அனுப்புங்கம்மா. ரெண்டு சொட்டு ஊத்தினா போய்டும். அவ அதுக்குத்தான் கீறா. எனக்குப் பாக்க முடியலம்மா" என்றார்.

நீ போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். அவள் தலைமாட்டில் முழங்காலிட்டு, இரட்சிப்பைப் பற்றி அழுதுகொண்டே சொன்னாய். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். முடித்ததும், "வாய் காஞ்சிருச்சு கண்ணு. ஒரு வாய் பால் குடு" என்றாள். அண்ணன் சங்கில் பால் ஊற்றி உன் கையில் கொடுக்க வந்தார். நீ வாங்கவில்லை. "ஆண்டவரை ஏத்துக்கறேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க அக்காம்மா, குடுக்கறேன்" என்றாய். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் உன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்புறம், "பொய் சொல்லி குடிச்சா ஒனக்குத்தான பாவம்?" என்றாள். "பரவால்ல. ஒனக்கு எப்ப மனசு வருதோ வா. காத்துக்கினு கீறேன்."

நீ கல் நெஞ்சுக்காரன் இல்லை சாமு. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அந்தப் பாலைக் கொடுத்துவிட்டால், அவளை நீயே அந்த அகலச் சாலையில் கடைசி அடி எடுத்துவைக்கச் செய்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாய். அன்பினால்தான் மறுத்தாய். அந்த அன்பை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. வீட்டுக்குக்கூட வராமல் நேரே ஆலயத்துக்குப் போய், அவள் மனம் திரும்புகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்று உபவாசத்தில் உட்கார்ந்துவிட்டாய். அன்று முழுவதும் நீ அங்கே தாகத்தோடு இருந்தாய், அவள் இங்கே தாகத்தோடு இருந்தாள். நடுவில் நான் இரண்டு இடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது.

மறுநாள் காலை பால்காரர் வந்து போனதும் நான் வளையல்களைக் கழற்றி ஜன்னல் மேல் வைத்தேன். அப்பா பார்த்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. தானே பாலைக் காய்ச்சி, சூடு பொறுக்கிற அளவுக்கு ஆற்றி, டம்ளரில் ஊற்றி என்னிடம் கொடுத்தார். வேலியைத் தாண்டிப் போனேன். எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றேன். அண்ணன் மட்டும் கதவருகே நின்றார். பெட்டியைத் திறந்து சங்கை எடுத்துத் தரச் சொன்னேன். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்காம்மா, நான் சாமு வந்திருக்கேன்" என்றேன்.

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அவள் வாய் திறந்தது. ஒரு சங்குப் பாலையும் குடித்தாள். ஒரு சொட்டு வழியவில்லை. சாக்கட்டி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய என் விரலைத் தடவிப் பார்த்தாள், வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் லேசாகச் சிரித்து, "வந்துட்டியா கண்ணு. டீச்சருகிட்ட சொல்லிடாத, கோச்சிக்கப் போவுது" என்றாள். அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. அவள் ஏமாந்துதான் அப்படிச் சொன்னாளா, யாரென்று தெரிந்துகொண்டு என்னைக் கேலி செய்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனை மணி என்று கேட்டிருந்தாயே, காலையில் ஆபீஸ் கூட்டமெல்லாம் போன பிறகு ஒரு ரயில் வண்டி காலியாகப் போகுமே, அது கூவிக்கொண்டு போன நேரம்.

நீ ஆலயத்திலிருந்து வந்தாய், வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். ஏரிக்கரை வரைக்கும் பாடையின் பின்னால் வந்தாய், அதற்கு மேல் வராமல் வேதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாய். அன்றே சொல்லியிருப்பேன். உன் முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. நீ பெங்களூர் திரும்பிப் போய், எனக்குப் பால் கொடுத்தவளுக்கே பால் ஊற்ற மறுத்தேன், தாயைவிட, தகப்பனைவிட ஆண்டவரைப் பெரிதாக எண்ணினேன் என்று கல்லூரிச் சிற்றாலயத்தில் சாட்சி சொன்னதாகவும், கேட்டவர்கள் எல்லாரும் அழுததாகவும் உன் நண்பன் வந்து எங்களிடம் பெருமையாகச் சொன்னான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தோசை வைத்தேன்.

சாமு, அந்தச் சாட்சி உண்மையில்லை. உன் பெயரால் பால் போய்விட்டது. நீ வந்தாய் என்று சொல்லித்தான் அவள் போனாள். மேடையில் ஏறி நான் மறுத்தேன் என்று நீ சொல்லும்போதெல்லாம், செத்துப்போனவளிடமிருந்து அந்தப் பாலைத் திரும்பப் பிடுங்குகிற மாதிரி எனக்கு இருக்கிறது. பிழைத்திருந்தவரைக்கும் நீ கொடுக்காததை அவள் வற்புறுத்தி வாங்கவில்லை. இதையாவது அவளிடமே விட்டுவிடு.

நான் செய்தது சரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதவில்லை. எனக்கு நிம்மதியே இல்லையடா. நரகம் இல்லை என்று சொல்லிவிட்டால் சுலபம், எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. நம் வேதத்தின்படி பார்த்தால் அவளுக்கு வழி இல்லை. எண்ணெய் காய்கிற வாடை வந்தால்கூட எனக்கு அவள் முகம்தான் வருகிறது, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சரி, அவள் நம்பிக்கைப்படி பார்ப்போம் என்றால், பிள்ளை கையால் போகவேண்டிய பால், அதில் நான் ஆள் மாறாட்டம் செய்துவிட்டேன். அவளுடைய வைகுண்டத்து வாசலில் யாராவது கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? இரண்டு பக்கத்திலும் அவளைக் கெடுத்துவிட்டேனோ என்று தோன்றும். தேவராஜ் அண்ணனிடம் ஒரு நாள் கேட்டேன். அவருக்குச் சாமி பூதம் எதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. "செத்தா போச்சும்மா, கரண்டு போன மாதிரி. அதுக்கப்புறம் இன்னா கீது?" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எங்கதான் போய்ட்டா? பொடவ கொடியிலயே கீது, எடுக்க மனசு வரல" என்றார்.

நம் போதகர் ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. அக்காவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்றார், ஆனால் வேதத்தில் உள்ளதை மாற்றவும் முடியாது என்றார். என்னைப் பற்றி மட்டும் தெளிவாகச் சொன்னார். அந்நியச் சடங்கைப் பொய்யான பெயரில் செய்திருக்கிறீர்கள், அதற்காக வருத்தப்படுகிறேன் என்று மனதாரச் சொல்ல முடிகிற வரைக்கும் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வராமல் இருப்பது நல்லது என்றார். நானும் முயற்சி செய்து பார்த்தேன். முழங்காலிட்டு, ஆண்டவரே, வருத்தப்படுகிறேன் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே அவள் வாய் திறந்ததுதான் கண்ணுக்குள் வந்தது. அதற்காக எப்படி வருத்தப்படுவது? முட்டி வலி, முழங்காலிட முடியவில்லை, அதனால்தான் திருவிருந்துக்குப் போவதில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். என் முட்டியில் ஒரு கோளாறும் இல்லை. அன்றைக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு திருவிருந்துக்கும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா போய் வாங்கிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆராதனை முடிகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேர் எனக்குத் தைலம்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நீ குருவானவனாகப் போகிறாய். நான் உனக்கு வேதம் சொல்லித்தர முடியாது, நீ கிரேக்கம் எல்லாம் படித்தவன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதே என்று சொல்லமாட்டேன். நம்புகிறவன் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உன் வீட்டு மனுஷி ஒருத்தி அங்கே இருக்கிறாளோ என்று பதறுகிறவன் குரலில் சொல். அந்தக் குரல் இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்துவிடு. சாகக் கிடக்கிறவர் வீட்டுக்குப் போனால் நின்றுகொண்டு பேசாதே, பாயில் உட்கார். முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேள், கொடு, அப்புறம் பேசு. தாகத்தை வைத்துப் பேரம் பேசாதே. ஆண்டவருக்கு ஆள் சேர்க்க வேறு எத்தனையோ வழி இருக்கிறது. அழுகை வந்தால் அழு, உனக்கு அது நன்றாக வரும், ஏழு வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

குருப்பட்டம் முடிந்த மறு ஞாயிறு நம் ஆலயத்தில் நீதான் முதன்முதலாகத் திருவிருந்து நடத்தப்போகிறாய் என்று போதகர் ஐயா சொன்னார். என்னைக் கேட்காமலே ஆலயத்தில் பூ, மாலைக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள். நீயும் அவரும் என்ன முடிவு செய்வீர்களோ எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டவேண்டும் என்றால் காட்டு. இப்போது உனக்கு எல்லாம் தெரியும், தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று நாளைக்கு நீ வருந்தக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்றைக்கு நான் கடைசி பெஞ்சில் உட்காரமாட்டேன். தைலம் கொடுத்தவர்கள் எல்லாரும் பார்க்க முன்னால் நடந்து வருவேன், அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிடுவேன். நான் வருத்தப்படவில்லை, வருத்தப்பட்டேன் என்று உனக்காகப் பொய் சொல்லவும் மாட்டேன். நீ அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வருவாய். என்னிடம் வரும்போது கொடுத்தாலும் சரி, கடந்து போனாலும் சரி, அது உன் கை. கடந்து போனால் கோபித்துக்கொள்ளமாட்டேன், வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போடுவேன். உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வா. அதுவரைக்கும் வாயைத் திறந்துகொண்டு காத்திருப்பேன்.

அம்மா